தனியே அழைத்தால் என்ன செய்வது? விமான நிலையச் சோதனை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்க விமான நிலையங்களைப் பற்றியவை. சில பிரிட்டனையும் ஐரோப்பாவையும் பற்றியவை. பதில்களுக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். அமெரிக்காவில் உங்களை நிறுத்துபவர் மூன்று தரப்பில் ஒருவராக இருப்பார். விமானம் ஏறுமுன் பையையும் உடலையும் சோதிப்பது டி.எஸ்.ஏ. நாட்டுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டையும் சுங்கத்தையும் பார்ப்பது சி.பி.பி. கவுன்டரிலும் விமானத்தின் கதவிலும் இருப்பது விமான நிறுவனம். மூன்றுக்கும் சட்டம் வேறு, அதிகாரம் வேறு, புகார் தரும் இடமும் வேறு. யார் நிறுத்தினார் என்று தெரியாமல் அனுப்பிய எத்தனையோ நியாயமான புகார்கள் தவறான மேசையில் போய்த் தேங்கிவிடுகின்றன.

கேள்வி: வரிசையில் எனக்கு முன்னால் போனவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். நிறத்தைப் பார்த்துத்தான் செய்கிறார்களா? எப்படித் தெரிந்துகொள்வது?

காரணம் ஐந்தில் ஒன்றாக இருக்கும். போர்டிங் பாஸில் 'எஸ்.எஸ்.எஸ்.எஸ்.' என்று நான்கு எழுத்து அச்சாகியிருந்தால், நீங்கள் விமான நிலையத்துக்கு வருமுன்பே, பயணிகளின் பெயரை அரசின் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடும் கட்டத்திலேயே முடிவாகிவிட்டது. வாசலில் நிற்கும் அதிகாரிக்கு அதில் பங்கில்லை. உடல் ஸ்கேனர் எச்சரித்திருந்தால், பக்கத்துத் திரையில் உள்ள மனித உருவத்தின் மேல் மஞ்சள் கட்டம் தெரியும். அதை நீங்களும் பார்க்கலாம். பையின் எக்ஸ்ரே படத்தில் சந்தேகம் எழுந்திருக்கலாம். இயந்திரம் குருட்டாம்போக்கில் தேர்ந்திருக்கலாம். இவை நான்கும் இல்லையென்றால் மிஞ்சுவது அதிகாரியின் சொந்த முடிவு.

எனவே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வாட் டிரிகர்ட் திஸ்?" (எதனால் இந்தச் சோதனை?) குரலை உயர்த்தாமல் கேளுங்கள். "ஸ்கேனர்", "ரேண்டம்", "போர்டிங் பாஸ்" என்று ஏதாவது ஒரு விடை வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் கொடுக்கும் நிலை வந்தால் அந்த ஒரு சொல் பெரிய ஆதாரம்.

இயந்திரம் தேர்ந்தது என்பதாலேயே பாகுபாடு இல்லை என்றாகிவிடாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022 நவம்பரில் தந்த அறிக்கை இதைத்தான் சொல்கிறது. சில வகைத் தலைமுடி, தலைப்பாகை, முக்காடு, உடல் குறைபாடு உள்ளவர்களிடம் ஸ்கேனர் அடிக்கடி எச்சரிக்கலாம். ஆனால் எந்தப் பிரிவினர் எவ்வளவு அதிகமாகக் கூடுதல் சோதனைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று டி.எஸ்.ஏ. அதுவரை அளந்து பார்த்ததே இல்லை. அளக்காத ஒன்றைப் பாகுபாடற்றது என்று எந்த நிறுவனமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: ஒவ்வொரு பயணத்திலும் அந்த நான்கு 'எஸ்' வருகிறது. இணையத்தில் போர்டிங் பாஸும் எடுக்க முடிவதில்லை. வழியே இல்லையா?

ஒன்றிரண்டு முறை வந்தால் விட்டுவிடுங்கள். கடைசி நேர டிக்கெட், ஒருவழி டிக்கெட் போன்றவையும் காரணமாக இருக்கலாம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதிகாரபூர்வமாக யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். தொடர்ந்து வந்தால், பட்டியலில் இருக்கும் வேறொருவரின் பெயரோ பிறந்த தேதியோ உங்களுடையதோடு ஒத்துப்போகிறது என்று சந்தேகிக்கலாம்.

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'டிரிப்' என்ற குறைதீர் திட்டம் 2007 முதல் இயங்குகிறது. விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் கிடையாது, அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதும் இல்லை. பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தை இணைத்து, எந்தெந்தத் தேதியில் எந்த விமானத்தில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். முடிந்தால் அந்த எழுத்துகள் அச்சான போர்டிங் பாஸ்களின் படங்களைச் சேருங்கள். விண்ணப்பித்ததும் 7 இலக்க 'ரீட்ரெஸ்' எண் ஒன்று கிடைக்கும். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். எண்ணை வாங்கிப் பெட்டியில் வைத்தால் பயனில்லை. ஒவ்வொரு டிக்கெட் எடுக்கும்போதும் அதற்கான கட்டத்தில் நிரப்ப வேண்டும். டிராவல் ஏஜென்ட் எடுத்தால் அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு தவறு, பெயர். 'செக்யூர் ஃப்ளைட்' என்ற பட்டியல் ஒப்பீடு முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் வைத்து நடக்கிறது. டிக்கெட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரிந்த பெயர் என்று இருந்தால் நீங்கள் வேறு ஆள் என்று நிறுவுவது கடினமாகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள். அப்படி இருந்தால் டிக்கெட்டையும் எப்படி எடுப்பது என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, எல்லாப் பயணத்திலும் அதே வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

'டிரிப்' தரும் கடிதத்தில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் இருக்காது. இந்த மூடுமந்திரம்தான் மாற வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த ரஹினா இப்ராஹிம் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 2005 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், சக்கர நாற்காலியில் இருந்த அவரை விலங்கிட்டுக் கைது செய்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014இல் வந்த தீர்ப்பில்தான் காரணம் வெளியானது. எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 2004இல் படிவம் ஒன்றை நிரப்பியபோது குறியிட வேண்டிய கட்டங்களை விட்டு மற்றவற்றில் குறியிட்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம். அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழக்கு தேவைப்பட்டது.

கேள்வி: ஸ்கேனரில் உடல் முழுவதும் நிர்வாணமாகத் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் ஏறக்குறைய உண்மை. 'பேக்ஸ்கேட்டர்' வகை எக்ஸ்ரே ஸ்கேனர்கள் உடலின் வடிவத்தையே படமாகக் காட்டின. தனியறையில் ஓர் அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொதுவான கோட்டுருவத்தை மட்டுமே காட்ட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் கட்டளையிட்டது. அதற்கான மென்பொருளைத் தயாரிப்பாளரால் தர முடியாததால் 2013இல் அவை அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2011இலேயே எக்ஸ்ரே உடல் ஸ்கேனர்களை விலக்கிவிட்டு விதி வகுத்தது. படத்தைச் சேமிக்கக் கூடாது, வேண்டாம் என்பவருக்கு மாற்றுவழி தர வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இப்போது இருப்பது மில்லிமீட்டர் அலை. துணியைக் கடந்து, ஈரமுள்ள தோலில் பட்டுத் திரும்பும் அலைகளை மென்பொருள் அலசி, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஒரு பொம்மை உருவத்தில் கட்டம் போட்டுக் காட்டுகிறது. முன்பு அதிகாரி ஆண், பெண் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. தவறாக அழுத்தினால் மார்பிலோ இடுப்புக்குக் கீழோ பொய் எச்சரிக்கை வரும். திருநர் பயணிகள் இதனால் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. 2023 முதல் பொத்தான் தேவைப்படாத மென்பொருள் நிறுவப்பட்டு வருகிறது.

ஸ்கேனர் வேண்டாமென்றால் நுழையுமுன் "ஐ ஆப்ட் அவுட்" என்று சொன்னால் போதும்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகக் கையால் தடவிச் சோதிப்பார்கள். போர்டிங் பாஸில் மேற்சொன்ன எழுத்துகள் உள்ளவர்கள் போன்ற சிலருக்கு 2015 டிசம்பரிலிருந்து இந்த விருப்பம் மறுக்கப்படலாம்.

தடவிச் சோதனையில் உங்களுக்கு உள்ளவை: அதே பாலின அதிகாரி, கேட்டால் தனியறை, அங்கே உங்களோடு வருபவர் ஒருவர், புதிய கையுறை, எந்த இடத்தைத் தொடப்போகிறார் என்று முன்கூட்டிச் சொல்லுதல். அந்தரங்க உறுப்புகளின் மேல் புறங்கையால் தடவ வேண்டும். உள்ளங்கை தேவைப்படுவது சில சந்தர்ப்பங்களில்தான். தனியறைக்குப் போக வற்புறுத்தினால், கூட வந்தவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பொது இடத்தில் நடப்பதையே விரும்பினால் அதையும் சொல்லலாம், சுற்றி சாட்சிகள் இருப்பார்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சோதனை தொடங்கிவிட்ட பிறகு "எனக்குப் பயணமே வேண்டாம், வெளியே போகிறேன்" என்று திரும்ப முடியாது. 2007இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. பையை பெல்ட்டில் வைக்குமுன்பே முடிவெடுங்கள்.

கேள்வி: சேலை கட்டிப் போனால் எப்போதும் தடவுகிறார்கள். என் சிநேகிதி ஹிஜாப் அணிபவர். அவருக்கும் இதே கதை. மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?

மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. தளர்ந்த ஆடை, அடுக்கடுக்கான மடிப்பு, தலையை மூடிய துணி எல்லாமே கூடுதல் சோதனைக்கு உரியவை என்பது டி.எஸ்.ஏ.வின் நடைமுறை. 2010 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில் சேலை அணிந்திருந்த இந்தியத் தூதர் மீரா சங்கரையே தனியே அழைத்துத் தடவினார்கள். அதன் பின் தூதரக அளவில் பேச்சு நடந்தும் சாதாரணப் பயணிக்கு நடைமுறை மாறவில்லை.

எச்சரிக்கையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. கொசுவத்தில் குத்தும் ஊக்குகளையும் இடுப்புச் சாவிக்கொத்தையும் முன்பே எடுத்து ட்ரேயில் போடுங்கள். கனமான உலோக ஜரிகை மில்லிமீட்டர் அலையைத் திருப்பிவிடும்; பயணத்துக்குப் பருத்தி நல்லது. வியர்வையில் நனைந்த துணியும் எச்சரிக்கும்.

தலைத்துணி, தலைப்பாகை விஷயத்தில் சீக்கிய அமைப்புகளின் போராட்டத்தால் 2007இல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. அதிகாரி தொடுவதற்குப் பதிலாக, நீங்களே உங்கள் கையால் தலைத்துணியைத் தடவலாம். பிறகு உங்கள் கைகளைத் துணிப்பட்டையால் துடைத்து வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதை நீங்களே கேட்க வேண்டும், தானாகச் சொல்ல மாட்டார்கள். அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் கழற்றச் சொல்லலாம். அப்போது தனியறையும் அதே பாலின அதிகாரியும் கேளுங்கள். கண்ணாடியும் கேட்கலாம், திரும்பக் கட்டிக்கொள்ள உதவும்.

சுருட்டைமுடியும் சடைமுடியும் உள்ள கறுப்பினப் பெண்களின் தலையை விரலால் கிளறிப் பார்ப்பது நீண்ட காலப் புகார். ஏ.சி.எல்.யு. என்ற சிவில் உரிமை அமைப்பின் வடக்கு கலிஃபோர்னியா கிளையோடு 2015இல் செய்துகொண்ட உடன்பாட்டில், இது பற்றி அதிகாரிகளுக்குப் பயிற்சி தர டி.எஸ்.ஏ. ஒப்புக்கொண்டது. அடர்ந்த முடியை இயந்திரத்தால் சரியாக ஊடுருவிப் பார்க்க முடியவில்லை என்றால் அது இயந்திரத்தின் குறை. அதன் சுமையைத் தலைமுடி வைத்திருப்பவர் மேல் ஏற்றுவது நியாயமில்லை.

கேள்வி: கையைத் துடைத்துப் பார்த்ததில் வெடிமருந்து என்று காட்டியது. உயிரே போய்விட்டது!

பயப்படாதீர்கள், இது அடிக்கடி நடப்பதுதான். துணிப்பட்டையில் ஒட்டிய துகள்களைச் சூடாக்கி, அயனிகளாக்கி, அவை நகரும் வேகத்தை வைத்துப் பொருளைக் கணிக்கிறது இயந்திரம். கிளிசரின் கலந்த கைக் களிம்பு, தோட்டத்து உரம், நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் மாத்திரை எல்லாம் அதைக் குழப்பலாம். கிளம்புமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், களிம்பைச் சோதனை முடிந்த பிறகு பூசுங்கள். எச்சரித்துவிட்டால் மருந்துச் சீட்டைக் காட்டி, முழுச் சோதனைக்குக் கூடுதல் அரைமணி ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆபத்து எந்தக் கூட்டத்திலிருந்து வருகிறதோ அவர்களைத்தானே சோதிக்க வேண்டும்? எண்பது வயதுப் பாட்டியைச் சோதிப்பது வீண்வேலை அல்லவா? நானே சோதனைக்கு ஆளாகும் நிறத்தவன்தான், ஆனாலும் கேட்கிறேன்.

நேர்மையான கேள்வி. பலர் மனதில் இருப்பதும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

1972 மே 30 அன்று இஸ்ரேலின் லோட் விமான நிலையத்தில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே பாதுகாப்பினர் எதிர்பார்த்தது அரபு முகங்களை. வயலின் பெட்டிகளில் துப்பாக்கியோடு வந்திறங்கியவர்கள் ஜப்பானியச் செம்படை என்ற தீவிரவாதக் குழுவின் மூன்று பேர். 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில், இஸ்ரேல் விமானத்தில் ஏறவிருந்த ஒரு கர்ப்பிணி ஐரிஷ் பெண்ணின் பையில் வெடிகுண்டு இருந்தது. காதலன் அவருக்குத் தெரியாமலே வைத்தது. பையைச் சோதித்ததால்தான் அது பிடிபட்டது. முகத்தை வைத்துத் தேடும் அமைப்பின் பலவீனம் இதுவே: எதிராளிக்கும் அந்த முகம் எதுவென்று தெரியும். அவர் வேறு முகத்தை அனுப்புவார்.

அடுத்து, எண்ணிக்கை. அமெரிக்கச் சுங்கத் துறை 1997, 1998 நிதியாண்டுகளில் விமான நிலையங்களில் செய்த சோதனைகளை ஜி.ஏ.ஓ. ஆராய்ந்து 2000இல் வெளியிட்டது. தடவிச் சோதித்த பிறகு எக்ஸ்ரேக்கு அனுப்பப்படும் வாய்ப்பு, வெள்ளை அமெரிக்கப் பெண்களைவிடக் கறுப்பின அமெரிக்கப் பெண்களுக்கு 9 மடங்கு. ஆனால் கடத்தல் பொருள் அகப்படும் வாய்ப்போ வெள்ளைப் பெண்களிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவு. ஒன்பது மடங்கு அவமானப்படுத்தி, பாதிப் பலன்கூடக் கிடைக்கவில்லை. பிறகு நிறத்தை விட்டு நடத்தை, பயணப் பாதை, திட்டவட்டமான தகவல் ஆகியவற்றுக்கு விதிகளை மாற்றி, மேலதிகாரியின் ஒப்புதலையும் கட்டாயமாக்கினார்கள். சோதனைகள் பெருமளவு குறைந்தன; சோதித்தவர்களிடம் பொருள் அகப்படும் விகிதம் உயர்ந்தது.

கணிதமும் இதையே சொல்கிறது. வில்லியம் பிரெஸ் என்ற கணிப்பு அறிவியலாளர் 2009இல் ஒரு கட்டுரையில் காட்டினார்: சந்தேகத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் சோதித்தால், எல்லாரையும் குருட்டாம்போக்கில் சோதிப்பதைவிட ஒரு துளியும் மேலான பலன் இல்லை. ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே அப்பாவிகளையே சோதித்து நேரத்தைக் கரைக்கிறோம். சிறந்த பலன் வேண்டுமானால் சந்தேகத்தின் வர்க்கமூலத்தை அளவாகக் கொள்ள வேண்டும். 100 மடங்கு சந்தேகத்துக்கு 10 மடங்கு சோதனை. அதற்கும் அந்த 100 என்ற எண் உண்மையாக இருக்க வேண்டும். ஓர் இனத்தின் மேல் அப்படியொரு எண்ணை ஒட்ட எந்த ஆதாரமும் யாரிடமும் இல்லை.

"சரி, நிறம் வேண்டாம், நடத்தையைப் பார்க்கலாமே" என்றால், அதையும் செய்து பார்த்தார்கள். 'ஸ்பாட்' என்ற திட்டத்தில் பதற்றம், கண் அசைவு போன்ற குறிகளைப் பார்க்கப் பயிற்சி பெற்ற அதிகாரிகளை 2007 முதல் பணியில் அமர்த்தினார்கள். சுமார் 90 கோடி டாலர் செலவான பின், 2013இல் ஜி.ஏ.ஓ. சொன்னது: முகக்குறியை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறன், நாணயம் சுண்டுவதற்குச் சமம், அல்லது அதைவிடச் சற்றே மேல். 2012இல் பாஸ்டன் விமான நிலையத்தில் இதே திட்டத்தில் வேலை செய்த 30க்கும் மேற்பட்ட அதிகாரிகள், தம் சகாக்கள் நிறம் பார்த்து ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று புகார் செய்தார்கள். அளவுகோல் தெளிவில்லாத இடத்தில் முன்முடிவுதான் உட்காரும்.

பாட்டியையும் சோதிப்பது வீண்வேலை இல்லை. யாரைச் சோதிப்பார்கள், யாரை விடுவார்கள் என்று தெரியாத நிச்சயமின்மைதான் எதிராளியைத் தடுக்கிறது.

கேள்வி: அப்துல் கலாமையே சோதித்தார்களே, நம்மை விடுவார்களா?

2009 ஏப்ரலில் டெல்லியில் ஒரு அமெரிக்க விமான நிறுவன ஊழியர்களும், 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க அதிகாரிகளும் அவரைச் சோதித்தார்கள். இரண்டுக்கும் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. முன்னாள் குடியரசுத் தலைவரிடம் தெரிவித்த வருத்தம் சாதாரணப் பயணிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் அக்கறை. பெரியவர்களுக்கு விலக்கு என்பது தீர்வாகாது.

கேள்வி: அடையாள அட்டை பார்க்கும் இடத்தில் கேமராவைப் பார்க்கச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

டி.எஸ்.ஏ. மேசையில் மறுக்கலாம். "நோ ஃபோட்டோ, ப்ளீஸ்" என்று சொல்லி, கேமராவின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். வரிசையில் உங்கள் இடம் போகக் கூடாது, கூடுதல் சோதனையும் இருக்கக் கூடாது. அட்டையைக் கருவியில் செருகுவதற்கு முன்பே சொல்வது முக்கியம், கேமரா உடனே இயங்கிவிடும். சோதனை ஓட்டம் நடக்கும் சில இடங்கள் தவிர, ஒப்பிட்ட பின் படம் அழிக்கப்படுகிறது என்பது டி.எஸ்.ஏ.வின் உறுதிமொழி.

நாட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் சி.பி.பி. எடுக்கும் படம் வேறு. அமெரிக்கக் குடிமக்கள் மறுக்கலாம். அவர்களின் படம் 12 மணி நேரத்துக்குள் அழிக்கப்படும். மற்றவர்களின் படம் 75 ஆண்டுகள் வரை இருக்கும். 2025 டிசம்பர் 26 முதல் நடைமுறைக்கு வந்த விதியில், குடிமக்கள் அல்லாத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இருந்த வயது விலக்கும் போய்விட்டது.

துல்லியம் பற்றி: அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் நிஸ்ட் 2019இல் 189 மென்பொருள்களைச் சோதித்தது. பலவற்றில், ஒருவரை வேறொருவராகத் தவறாக ஏற்கும் பிழை ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களுக்கு 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. நல்ல மென்பொருள்களில் இந்த வித்தியாசம் மிகச் சிறியது. ஆகவே கேட்க வேண்டியது "எந்த மென்பொருள்?" என்பதையே. கையில் உள்ள பாஸ்போர்ட்டோடு மட்டும் ஒப்பிடுவதைவிட, பெரிய படத்தொகுப்பில் தேடும் முறையில் அப்பாவி ஒருவர் வேறொருவராகக் கொள்ளப்படும் ஆபத்து அதிகம்.

கேள்வி: விசாவில் அமெரிக்கா போகிறேன். போனைத் திறக்கச் சொன்னால்?

டி.எஸ்.ஏ. போனின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. வேலை செய்கிறதா என்று ஆன் செய்யச் சொல்லலாம், அவ்வளவுதான். போனைத் திறந்து பார்ப்பது சி.பி.பி. 2024 நிதியாண்டில் 47,000 கருவிகள் சோதிக்கப்பட்டன. வரும் பயணிகளின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய பங்கு. மாட்டிக்கொள்பவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

2018 ஜனவரி விதிப்படி இரண்டு வகை. கையால் புரட்டிப் பார்ப்பது சாதாரணச் சோதனை, அதற்குச் சந்தேகம்கூடத் தேவையில்லை. கருவி இணைத்து நகலெடுப்பது உயர்நிலைச் சோதனை. அதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும். இரண்டிலும் போனில் உள்ளதை மட்டுமே பார்க்கலாம், இணையத்தில் சேமித்திருப்பதைப் பார்க்கக் கூடாது. ஆகவே ஃப்ளைட் மோடில் போட வேண்டும்; போட்டார்களா என்று கவனியுங்கள்.

கடவுச்சொல் தர மறுத்தால் அமெரிக்கக் குடிமகனை நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது, போனை மட்டும் பிடித்துவைப்பார்கள். விசாவில் போகும் உங்களைத் திருப்பி அனுப்பவே முடியும். இது கசப்பான உண்மை. வீரம் பேசும் ஆலோசனைகளைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் பயணத்துக்கு முன் வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது.

செய்யக்கூடியது முன்தயாரிப்புதான். தேவையற்ற படங்களையும் உரையாடல்களையும் வீட்டுக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் முற்றிலும் வெறுமையான போன் கேள்வியை எழுப்பும். இறங்குமுன் போனை முழுதாக அணைத்துவிடுங்கள். அணைத்த போனில் தரவுப் பூட்டு மிக வலுவாக இருக்கும். விரல்ரேகை, முகத் திறப்பை நிறுத்தி நீளமான எண்பூட்டு வையுங்கள். கட்சிக்காரர் கோப்பு வைத்திருக்கும் வழக்கறிஞர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். தனி நடைமுறை உண்டு. எந்த நிலையிலும் பொய் சொல்லாதீர்கள். "தர விரும்பவில்லை" என்பது குற்றமில்லை, பொய் குற்றம். போனை எடுத்துக்கொண்டால் 6051டி என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணமாக 5 நாட்களுக்குமேல் வைக்கக் கூடாது.

கேள்வி: பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நிலைமை என்ன?

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை இன்னும் கடுமையானது. சந்தேகமே இல்லாமல் விமான நிலையத்தில் நிறுத்தி 6 மணி நேரம் வரை விசாரிக்கலாம். அங்கே மௌனம் உரிமையாகாது. பதில் சொல்ல மறுப்பதும் கடவுச்சொல் தர மறுப்பதும் குற்றம். ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்தால் முறைப்படி தடுத்துவைக்க வேண்டும், வழக்கறிஞரைக் கேளுங்கள். இனமோ மதமோ மட்டுமே காரணமாக நிறுத்தக் கூடாது என்று நடைமுறை விதி சொல்கிறது. 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்த அதிகாரத்தின் பழைய வடிவம் தனியுரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது.

வெற்றிகளும் உண்டு. செக் நாட்டின் ப்ராக் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் குடியேற்ற அதிகாரிகள் ரோமா என்ற சிறுபான்மை இன மக்களை மட்டும் அதிகம் குடைந்தது சட்டவிரோதமான பாகுபாடு என்று 2004 டிசம்பரில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நெதர்லாந்தில் எல்லைக் காவல் படை, விமான நிலையத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க இனத்தை ஓர் அளவுகோலாகச் சேர்ப்பதே கூடாது என்று 2023 பிப்ரவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. "இனம் மட்டுமே காரணமில்லை, மற்றவற்றோடு அதுவும்" என்ற வாதம் அங்கே செல்லவில்லை. இந்த எல்லைக்கோட்டை மற்ற நாடுகளும் போட வேண்டும்.

கேள்வி: விமானத்தில் கேட்கும் உணவைக்கூடக் கவனிக்கிறார்களா?

சிறப்பு உணவைக் கேட்டால் முஸ்லிம் உணவுக்கு 'எம்.ஓ.எம்.எல்.', இந்து உணவுக்கு 'எச்.என்.எம்.எல்.' என்ற குறியீடு முன்பதிவுப் பதிவில் ஏறும். அந்தப் பதிவு அரசுகளுக்குப் போகிறது. மதத்தைக் காட்டும் இத்தகைய விவரங்களை வடிகட்டி மறைக்க வேண்டும் என்று 2012இன் அமெரிக்க-ஐரோப்பிய ஒப்பந்தம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016 விதி அவற்றைப் பயன்படுத்தவே தடை செய்கிறது. மனம் ஒப்பாதவர்கள் பொதுவான சைவ உணவைக் கேட்கலாம்.

கேள்வி: புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா? எப்படி எழுதுவது?

எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. "இனவெறியோடு நடத்தினார்கள்" என்று மட்டும் எழுதினால் "விதிப்படி நடந்தது" என்ற ஒரு வரி பதில் வரும். ஒப்பீட்டை எழுதுங்கள்: எனக்கு முன் இன்ன தோற்றமுடைய மூவர் இதே அளவுப் பையோடு சென்றனர், ஸ்கேனர் பச்சை காட்டியது, ஆனாலும் என்னை நிறுத்தினர், காரணம் கேட்டபோது இந்தச் சொற்களைச் சொன்னார். இப்படி எழுதினால் கேமராப் பதிவைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

சோதனை முடிந்து உட்கார்ந்த உடனே குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, மணி, முனையம், சோதனை வாசலின் எண், வரிசை, அதிகாரியின் பெயர்ப்பட்டை, அவர் சொன்ன சொற்கள் அப்படியே, பக்கத்தில் நின்றவர் ஒப்புக்கொண்டால் அவர் தொடர்பு. அங்கேயே 'சூப்பர்வைசர்' வேண்டும் என்று கேட்கலாம். டி.எஸ்.ஏ. வாசலில், வேலைக்கு இடையூறு இல்லாமலும் திரைகள் படாமலும் படமெடுக்கத் தடையில்லை. சி.பி.பி. பகுதியில் போனையே எடுக்காதீர்கள்.

டி.எஸ்.ஏ. மீதான பாகுபாட்டுப் புகாரை அதன் சிவில் உரிமைப் பிரிவுக்கு 180 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். கேமராப் பதிவுகள் அதற்கு வெகு முன்பே அழிந்துவிடலாம். ஆகவே முதல் வாரத்திலேயே எழுதி, "இந்த நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள்" என்ற வரியைச் சேருங்கள். விமான நிறுவனம் இறக்கிவிட்டாலோ ஏற்ற மறுத்தாலோ புகார் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கு. இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்துப் பாகுபடுத்தக் கூடாது என்பது விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம். சீக்கியர்களின் உரிமை அமைப்பான 'சீக்கிய கோயலிஷன்' 2012இல் வெளியிட்ட 'ஃப்ளைரைட்ஸ்' செயலி எந்தச் சமயத்தவரும் போனிலிருந்தே டி.எஸ்.ஏ.வுக்கு முறைப்படி புகார் அனுப்ப உருவானது.

மதக் கடமைக்கு இடையூறாக அதிகாரி நடந்தால், தனிப்பட்ட அதிகாரி மீதே இழப்பீடு கேட்கலாம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. விமானத் தடைப் பட்டியலில் இருந்த முஸ்லிம்கள் தொடுத்த வழக்கு அது. வழக்குவரை போகாவிட்டாலும், அனுப்பிய புகாரின் நகலையும் வந்த பதில் எண்ணையும் வைத்திருங்கள். அடுத்த முறை 'டிரிப்' விண்ணப்பத்தோடு அவற்றையும் இணைக்கலாம்.